இம்கே கேட்டுக்கொண்டிருந்தாள்

இம்கே எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டியவள். ஓல்டெர்ஃபேன் கால்வாயின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் ஊர். ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பும் பஸ் அது. எந்த வீட்டுப் பிள்ளை ஷூ நாடா கட்டாமல் ஓடிவரும், எந்த வீட்டுப் பிள்ளை வாயில் ரொட்டியோடு வரும் என்று அவளுக்குத் தெரியும். காத்திருப்பாள், ஆனால் ஏறியதும் இரண்டு வார்த்தை திட்டாமல் விடமாட்டாள். ஒருநாள் வலது பக்கத்தில் வந்துகொண்டிருந்த சைக்கிள்காரர் கண்ணுக்குத் தெரியாமல் திடீரென்று கண்ணாடிக்கு முன்னால் முளைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே பணிமனையில் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தாள். கண் மருத்துவரிடம் போனது அதற்குப் பிறகுதான்.

பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் மருத்துவர். குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும், குழாய் ஒடுங்கிக்கொண்டே போகும், ஒருநாள் மூடிக்கொள்ளும் என்றார். நிறுத்த மருந்து இல்லை. இம்கே வீட்டுக்கு வந்து கணவன் ரேம்ட்டிடம் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே கார் நீதான் ஓட்டணும். ஓட்டுறப்போ பக்கத்துல உக்காந்து நான் திட்டுவேன். முணுமுணுக்காம கேட்டுக்கோ."

ரேம்ட் அதிகம் பேசாத மனிதன். கேட்டுக்கொண்டான். பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் இம்கே பள்ளிக்கூடம் முடித்த வருடமே சேர்ந்தாள். வியாழக்கிழமை மாலைகளில் கழகத்துக் கூடத்தில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். அவள் கூடவே சேர்ந்தவன் ஃபோல்கெர்ட், பால் மாடு வைத்திருக்கிறவன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். இலக்குத் தாள்களை அளந்து குறிப்பது என் வேலை என்பதால் சொல்கிறேன், கழகத்தில் இந்த இரண்டு பேரின் தாள்களை மட்டும்தான் நான் பூதக்கண்ணாடி வைத்து அளக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் தாளை வெறும் கண்ணே தீர்த்துவிடும். இந்த வாரம் அவள், அடுத்த வாரம் அவன். தோற்றவரை ஜெயித்தவர் சும்மா விட்டதில்லை.

"டேய் ஃபோல்கெர்ட், அந்தச் சுவத்துல போட்ட ஓட்டையை யாரு பூசுறது? உன் மாடா?"

"உன் பஸ் போற மாதிரி வளைஞ்சு போகுது குண்டு. துப்பாக்கி உங்கிட்ட கத்துக்கிச்சு போல."

"போன வாரம் தோத்தவன் பேசுறான் பாரு."

"அதுக்கு முந்தின வாரத்தையும் சொல்லேன்."

இந்தப் பேச்சு இல்லாத வியாழக்கிழமையை யாரும் பார்த்ததில்லை. குழாய் மூடும்வரை.

பார்வை முழுதும் போன பிறகும் அவள் கூடத்துக்கு வந்தாள். ரேம்ட் கொண்டுவந்து விடுவான். மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். எங்கள் பக்கத்தில் முதலில் கோப்பையில் கற்கண்டு போட்டு, அதன்மேல் சுடச்சுடத் தேநீர் ஊற்றுவோம். கற்கண்டு படபடவென்று வெடிக்கும். பிறகு ஓரமாகப் பாலாடை விடுவோம், கலக்குவதில்லை. இம்கே தானே ஊற்றிக்கொள்வாள். கோப்பை நிறைய நிறைய ஊற்றும் சத்தம் மாறுவது அவளுக்குப் போதும். ஆனால் அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி முடித்ததும் மேசையைச் சுற்றி எல்லாரும் "அடடா" என்பார்கள். "எவ்வளவு நல்லா ஊத்துறீங்க" என்பாள் ரொட்டிக்கடை டாலேயா. அவளே ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்தாள். கோப்பை விளிம்பில் மாட்டினால் தேநீர் மேலே வந்ததும் கத்தும். தேநீருக்கு ஒரு தடவை கத்தியது. பாலாடைக்கு இன்னொரு தடவை கத்தியது. இம்கே அதை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"டாலேயா, ரொம்ப நன்றி. ஆனா இது போலீஸ்காரன் மாதிரி. 'நில்லு'ன்னு மட்டும்தான் சொல்லத் தெரியுது. வந்துக்கிட்டே இருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்குன்னு சொல்லத் தெரியலையே."

எல்லாரையும்விட மாறிப்போனவன் ஃபோல்கெர்ட். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். "பாத்து, அங்க படி இருக்கு" என்றான், அவள் அந்தப் படியில் சின்ன வயதிலிருந்து ஏறி இறங்குகிறவள் என்பது தெரிந்தும். தான் சுட்டு ஜெயித்த நாட்களில் வாய் திறக்காமல் போய்த் தூரத்தில் உட்கார்ந்தான். ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவள் ரேம்ட்டிடம் சொன்னாளாம்: "நான் டீ ஊத்தினா கை தட்டுறாங்க. நாளைக்கு மூக்கைச் சிந்தினாலும் கை தட்டுவாங்க. ஃபோல்கெர்ட் என்னை ஒரு வார்த்தை திட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

ரேம்ட் இதை என்னிடம் பிற்பாடுதான் சொன்னான். அவன் எதையும் பிற்பாடுதான் சொல்வான்.

கண் தெரியாதவர்கள் ஒலியைக் கேட்டுக் குறிபார்க்கும் கருவி ஒன்று உண்டு என்று கண்டுபிடித்து வந்தவர் எங்கள் கழகத் தலைவர், பெயர் என்னோ. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கம்பியும் திருப்புளியும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. கழகத்துத் துப்பாக்கியின் குழலுக்குப் பக்கவாட்டில் சின்னக் கேமராக் கண் ஒன்றை மாட்டினார். இலக்குத் தாளுக்கு மேலே பளிச்சென்று ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா ஒரு பெட்டிக்குச் சேதி சொல்லும், பெட்டி அதை ஒலியாக மாற்றும். துப்பாக்கி இலக்கைவிட்டு விலகியிருந்தால் கட்டைக் குரலில் உறுமும். நெருங்க நெருங்கக் குரல் ஏறும். நட்ட நடுவில் நூல் மாதிரி மெலிந்து, நடுங்காமல் நிற்கும். ஹெட்போன் செருகினால் அதில் கேட்கும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே உள்ள ஸ்பீக்கரில் கேட்கும்.

முதல் நாள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு "இடது பக்கம் இம்கே", "கொஞ்சம் மேலே", "அய்யோ போயிடுச்சு" என்றார்கள். அவள் துப்பாக்கியைத் தாங்கிமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க. அது பேசட்டும்."

பிறகு நெடுநேரம் உறுமல்தான். குரல் ஏறும், நழுவும், காணாமல் போகும். அவள் குனிந்தே இருந்தாள். ஒரு தடவை குரல் மெலிந்து உச்சிக்குப் போனது. விசையை அழுத்த மறந்து அப்படியே நின்றாள். என்ன ஆயிற்று என்று என்னோ கேட்டார்.

"ஒண்ணுமில்லை. பக்கத்துல இருக்கேன்னு இப்போதான் ஒருத்தர் உண்மையைச் சொல்றாங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பெட்டி அவளைப் பாராட்டியதே இல்லை. விலகினால் விலகிவிட்டாய் என்றது. இம்கேவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க வியாழன்தோறும் அதனோடு பேசினாள். கோடை வருவதற்குள் அவளுடைய தாள்களுக்கு நான் மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கோ அந்த ஒலி பழகிப்போய் காதில் விழுவதே இல்லை, சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் போல.

ஜூன் மாதம் எங்கள் ஊரில் ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் சுடுதல். வருடத்துக்கு ஒரு நாள், எல்லாரும் கழகத்தின் ஒரே துப்பாக்கியால் ஆளுக்கு ஒரே ஒரு குண்டு. நடுப்புள்ளிக்கு மிக அருகில் சுடுகிறவர் அந்த வருடத்துக்கு ராஜா அல்லது ராணி. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி போடுவார்கள், வாத்தியக் குழு வீடு வரைக்கும் வாசித்துக்கொண்டு போகும், ஊருக்கே பீர் வாங்கிக் கொடுப்பது ராஜாவின் பொறுப்பு. அதனாலேயே சில வருடம் சிலர் வேண்டுமென்றே ஓரமாகச் சுடுவதுண்டு. வீட்டுக் கூரை மாற்றுகிற வருடம், மகளுக்குக் கல்யாணம் வருகிற வருடம். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை.

இம்கே ஒரு தடவைகூட ராணியானதில்லை. கண் தெரிந்த காலத்தில் ஃபோல்கெர்ட் இரண்டு தடவை அவள் கைக்கு வந்ததைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறான். இந்த வருடம் பெயர் கொடுத்தாள்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குக் கடைசி இடம், அதற்கு முந்தைய இடம் ஃபோல்கெர்ட்டுக்கு. ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ரேம்ட். அதற்குள் முதல் ஆள் போய் நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இலக்கு விளக்குக்கும் ஒலிப் பெட்டிக்கும் என்னோ ஒரே ஸ்விட்ச்தான் வைத்திருந்தார். கண் தெரிந்தவர்களுக்கும் விளக்கு வேண்டும். அதனால் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போன் செருகாததால் கூடம் முழுக்க ஒலித்தது. அது எங்கள் யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை. கண்ணால் குறிபார்க்கிறவனுக்கு அந்த ஒலியால் என்ன பயன்? ஆனால் பெட்டிக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவர் எங்கே குறிவைக்கிறார் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் கூடத்தில் அது பேசுவது புரிந்தவள் ஒருத்திதான்.

டாலேயா சுட வந்தாள். குரல் ஏறியது, மெலிந்தது, பிறகு சட்டென்று நழுவியது, குண்டு போனது. கை நடுங்கியிருக்கும் என்று இம்கே நினைத்தாளாம். அடுத்து என்னோ. குரல் உச்சி வரை போய்த் திரும்பி வந்தது, குண்டு போனது. அடுத்தவரும் அப்படியே. அதற்கு அடுத்தவரும். இம்கே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஃபோல்கெர்ட் வந்தான். தாங்கிமேல் துப்பாக்கி இருக்கும்போது அவன் கை கல். குரல் நேரே மேலே போனது. நூலாக மெலிந்து, அசையாமல், ஒரு முழு மூச்சு நேரம் நின்றது. அந்த நொடியில் விசையை அழுத்தியிருந்தால் சங்கிலி அவனுக்குத்தான். பிறகு அந்தக் குரல் ஏணியிலிருந்து இறங்குகிறவன்போல நிதானமாக, படிப்படியாகக் கீழே வந்தது. ஓரிடத்தில் நின்றது. குண்டு போனது.

யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை. இதை நான் பிறகு ஒவ்வொருவரிடமும் விசாரித்துவிட்டே எழுதுகிறேன். இம்கே ஒரு தடவையாவது ராணியாகட்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, தான் ஒருவர் மட்டுமே செய்வதாக நினைத்துக்கொண்டு, ஓரமாகச் சுட்டிருக்கிறார்கள்.

"இம்கே, உன் முறை" என்றார் என்னோ. குரலில் பண்டிகை இருந்தது.

ரேம்ட் அவளைத் துப்பாக்கி வரை கூட்டிக்கொண்டு போனான். ஹெட்போன் கம்பியைச் செருகப் போனவனின் கையை அவள் பிடித்தாள்.

"வேணாம். எல்லாரும் கேக்கட்டும்."

குனிந்தாள். பெட்டி உறுமியது. குரல் ஏறத் தொடங்கியது. அவசரமில்லாமல் ஏறி, மெலிந்து, உச்சியில் போய் நின்றது. பழகிப்போய்க் காதில் விழாமலிருந்த ஒலியை அன்று எல்லாரும் கேட்டார்கள். டாலேயா கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். இம்கே விசையை அழுத்தவில்லை. குரல் மெல்ல இறங்கியது. ஏணியிலிருந்து இறங்குகிறவன்போல, நிதானமாக, படிப்படியாக. ஃபோல்கெர்ட் நிறுத்திய அதே இடத்தில் அவளும் நிறுத்தினாள். சுட்டாள்.

நான் போய்த் தாளை எடுத்து வந்தேன். துளை கீழே இடது ஓரத்தில் இருந்தது. ஃபோல்கெர்ட்டின் துளை வேறு பக்கம் இருந்தது, ஆனால் நடுப்புள்ளியிலிருந்து இரண்டுக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இம்கே ஃபோல்கெர்ட் இருக்கும் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல நின்னியே, அப்புறம் எதுக்குடா இறங்கினே?"

ஃபோல்கெர்ட்டுக்கு முகமெல்லாம் சிவந்தது. "பீருக்குக் காசு யாரு குடுக்கிறது? இந்த வருஷம் தொழுவம் வேற கட்டுறேன்."

"தொழுவம் போன வருஷமே கட்டியாச்சு."

"இன்னொண்ணு கட்டுறேன்."

"நீ கஞ்சன்னு எனக்கு ஒண்ணாங்கிளாஸ்லேயே தெரியும். பென்சில் கேட்டா பாதி ஒடிச்சுக் குடுப்பே. ஆனா டாலேயாவும் கஞ்சமா? என்னோவும்? ஊர்ல ஒரே நாள்ல எல்லாருக்கும் கஞ்சத்தனம் வந்துடுச்சா?"

டாலேயா அழத் தொடங்கினாள். "உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான்..."

"தெரியும்மா." இம்கேயின் குரல் தணிந்தது. அழுகிற சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினாள், டாலேயா வந்து பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் என்மேல எவ்வளவு பிரியமா இருக்கீங்கன்னு ஒவ்வொரு குண்டுலயும் கேட்டேன். இதுக்கு முன்னாடி யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா நான் இங்க வர்றது அதுக்கு இல்லை. பிரியம் வீட்ல ரேம்ட்கிட்ட இருக்கு. இங்க நீங்க என்னைத் தோக்கடிக்கணும்னு நினைக்கணும். அதுக்குத்தான் வர்றேன்."

ரேம்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது சிவந்திருந்தது.

என்னோ தொண்டையைச் செருமினார். விதிப்படி துப்பாக்கியில் பழுது இருந்தால் மட்டுமே சுடுதலை ரத்து செய்துவிட்டு மறுபடி நடத்தலாம். அவர் என் பக்கம் திரும்பினார். "எழுத்தரே, குறிச்சுக்குங்க. துப்பாக்கில கோளாறு."

"துப்பாக்கில ஒரு கோளாறும் இல்லை" என்றாள் இம்கே. "ஆளுங்கள்ல கோளாறு. உள்ளதை எழுதச் சொல்லுங்க."

அப்படியே எழுதினேன். அந்த வருட அறிக்கையில் இன்றும் இருக்கிறது. மாவட்டக் கழகம் விளக்கம் கேட்கவில்லை.

இரண்டாவது சுற்று. இம்முறை பெட்டியை எல்லாரும் கேட்டார்கள். அதனால் யாராலும் ஏமாற்ற முடியவில்லை. குரல் கொஞ்சம் நழுவினாலும் பெஞ்சிலிருந்து "ம்ம்?" என்று ஒரு சத்தம் வந்தது. டாலேயா சுடும்போது பெட்டியின் குரல் பாதி வழியைத் தாண்டவில்லை. அவள் கை உண்மையாகவே நடுங்கியது. என்னோ தன் வயதுக்கு நன்றாகவே சுட்டார். ஃபோல்கெர்ட் வந்தான். குரல் மேலே போய் நூலாக நின்றது. நின்ற இடத்திலேயே குண்டு போனது.

"இப்பதான் ஆம்பளை" என்றாள் இம்கே.

அவள் சுடப் போனபோது ஹெட்போன் போட்டுக்கொண்டாள். அதனால் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு குண்டு போனது. துப்பாக்கியை வைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள், பெஞ்சுக்குத் திரும்பினாள்.

இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து அளந்தேன். இரண்டிலும் துளை நடுப்புள்ளியைத் தின்றிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் ஒன்று மயிரளவு தள்ளியிருப்பது தெரியும். என்னோ என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். யார் தாள் எது என்று அவருக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை அளந்து பாருங்களேன்" என்றார் மெல்ல.

"அளந்துட்டேன் தலைவரே."

"இன்னொரு தடவை."

"என்னோ, அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள் இம்கே பெஞ்சிலிருந்து. "அவர் வேலையை அவர் செய்யட்டும்."

ஃபோல்கெர்ட் மயிரளவில் ஜெயித்திருந்தான். நான் அறிவித்தேன். கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஃபோல்கெர்ட் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே அவளிடம் போனான். நின்றான். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இம்கே, நீ ரொம்ப..." என்று ஆரம்பித்தான்.

"நல்லாச் சுட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."

அவன் யோசித்தான். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு வார்த்தைக்காகத் தடுமாறுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பெட்டியோட கொஞ்சினே. இதுக்கா? எங்க வீட்டுக் கிழட்டுப் பசு இதைவிட நல்லாச் சுடும்."

இம்கே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். "அடுத்த வருஷம் அதையும் கூட்டிட்டு வா" என்றாள். "உன்னைவிட அதுக்குப் பயப்படுவேன்."

"நீ பயப்பட ஒண்ணுமில்லை. சங்கிலி பசுவுக்குப் பத்தாது."

"உன் கழுத்துக்குப் பத்தினா பசுவுக்கும் பத்தும்."

அதற்குப் பிறகுதான் கூடம் மூச்சுவிட்டது. யாரோ பீப்பாயைத் திறந்தார்கள். இருவரும் பேசுவதை நிறுத்தவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, விட்டுப்போன வியாழக்கிழமைகளின் பாக்கியெல்லாம் வெளியே வந்தது. ரேம்ட் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், முகத்தில் அவனுக்கே தெரியாத ஒரு சிரிப்போடு.

ராஜாவின் வாசலுக்கு அக்கம்பக்கத்தார் காகித ரோஜா செய்து வளைவு கட்டுவது வழக்கம். இம்கே ஃபோல்கெர்ட்டுக்குப் பக்கத்து வீடு. ஆகவே அடுத்த நாள் காலை அவள் வீட்டு மேசையில் வண்ணக் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு கட்டாக எடுத்து, நிறத்தை வாய்விட்டுச் சொல்லும் சின்னக் கருவியை அதன்மேல் அழுத்தினாள். "வெள்ளை" என்றது. தள்ளிவைத்தாள். "சிவப்பு" என்றது. அதையும் தள்ளினாள்.

"என்ன தேடுறே?" என்றேன்.

"அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒரு நிறம் ஆகாது. அதைத்தான்."

நாலாவது கட்டின்மேல் அழுத்தினாள். "இளஞ்சிவப்பு" என்றது கருவி.

"உக்காருங்க எல்லாரும்" என்றாள் இம்கே, கத்தரிக்கோலைத் தேடி மேசையில் கையைப் படரவிட்டபடி. "வாசல் மறையற அளவுக்கு வேணும்."